தாத்தா கையில் நீலம் தெரிந்தது... மாமா கையில் எதுவுமே தெரியவில்லை!

எங்கள் தாத்தாவின் கை வருடத்தில் பாதி நாள் நீலமாகத்தான் இருக்கும்.

கம்பத்துக்குப் பக்கத்தில், சுருளி போகும் வழியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். எங்கள் பள்ளத்தாக்கில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் திராட்சை காய்த்துக்கொண்டிருக்கும். அதனால் எந்த மாதம் போனாலும் மருந்தும் அடித்துக்கொண்டிருப்பார்கள். மயில்துத்தத்தைத் தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் கரைத்து, ஒன்றாகக் கலக்கி, பந்தலுக்குக் கீழே நின்று மேல்நோக்கி அடிப்பார் தாத்தா. அடிச்சாம்பல் நோய்க்கு அதுதான் வைத்தியம். வேளாண் புத்தகங்களில் இதற்குப் பெயர் 'போர்டோ கலவை'. பிரான்ஸின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் பிறந்தது. எங்கள் ஊரில் வெறும் 'துத்தம்'. அடித்ததில் கொஞ்சம் இலையில் ஒட்டும். மிச்சம் தாத்தாவின் தலையிலும் புருவத்திலும் சட்டையிலும் சொட்டும்.

சாயங்காலம் அவர் தெருமுனை திரும்பும்போதே பாட்டியின் குரல் கேட்கும். "அங்கிட்டே நில்லுங்க. குளிக்காம பிள்ளைகளத் தொட்டீகன்னா இன்னைக்குச் சோறு கெடையாது."

தாத்தா சிரித்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவார். நீலம் கரைந்து ஓடுவதை நானும் அக்காவும் வேடிக்கை பார்ப்போம். நகக்கண் வரை தேய்த்துக் கழுவி, இரண்டு கையையும் பாட்டியிடம் நீட்டிக் காட்டிய பிறகுதான் எங்களைத் தூக்குவார்.

இருபது வருடம் கழித்து, அதே ஊரில், என் அக்கா வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் மகனைத் தூக்கிக் கொஞ்சினார். அவர் கையில் எந்த நிறமும் இல்லை. அதனால் 'அங்கிட்டே நில்லுங்க' என்று யாரும் சொல்லவில்லை.

600 வார்த்தையில் ஒரு வேலை

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். சென்னையில் அறை, ஊரில் குடும்பம், போனில் வாழ்க்கை. போன வருடம் ஒருநாள் காலை மீட்டிங்கில் எனக்கு ஒரு வேலை வந்தது. "அக்டோபர் கடைசியில சர்வதேச ஈய நச்சுத் தடுப்பு வாரம் வருது. ஒரு எக்ஸ்ப்ளெய்னர் போட்டுரு. 600 வார்த்தை போதும்."

உண்மையைச் சொன்னால் கொட்டாவிதான் வந்தது. பிளஸ் டூவில் வேதியியலை நான் தாண்டிய கதை எனக்கும் என் ஆசிரியைக்கும் மட்டும் தெரிந்தது. ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக் என்று குறிப்பெடுக்க ஆரம்பித்தபோது, ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. துப்பில் வெங்கடேஷ். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர். 'இந்தியாவின் ஈய மனிதர்' என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தன.

இதென்ன பட்டம் என்று யோசித்தபடியே படிக்க ஆரம்பித்தேன்.

1990-களில் நம் ஊர்களில் ஓடிய வண்டிகளின் பெட்ரோலில் ஈயம் இருந்தது. இன்ஜின் 'நாக்கிங்' இல்லாமல் ஓடுவதற்காகக் கலந்தார்கள். அந்த ஈயம் புகையாக வெளியேறித் தெருவில் படிந்தது. தெருவில் விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது? நாடு முழுக்கப் பெரிய அளவில் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. 1997 முதல் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்போடு சேர்ந்து, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் ரத்த மாதிரிகள் எடுத்து அளந்தார்கள். பரிசோதித்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, அன்று கவலைக்குரிய அளவு என்று கருதப்பட்ட 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லியில், 10 மைக்ரோகிராம். ஒரு கிராமை ஒரு லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அவ்வளவுதான். அதுவே அதிகம்.

1999 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த சர்வதேச மாநாட்டில் இந்தக் கணக்கு உலகத்தின் முன் வைக்கப்பட்டது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோலுக்கு மாறினோம். அதற்குப் பல பேரின் உழைப்பும், நீதிமன்ற உத்தரவுகளும், அரசின் திட்டமும் காரணம். ஆனால் 'எதற்கு?' என்று கேட்டவர்களுக்கு எடுத்துக் காட்ட ஓர் எண் கையில் இருந்தது. மும்பையில் 1997-ல் பரிசோதித்த குழந்தைகளில் சுமார் 62 சதவிகிதம் பேர் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தார்கள். பெட்ரோல் மாறிய பிறகு 2002-ல் மும்பைக் குழந்தைகளிடம் மறுபடி பார்த்தபோது அது சுமார் 33 சதவிகிதம்.

வெங்கடேஷின் வேலை அத்தோடு முடியவில்லை. செயின்ட் ஜான்ஸில் ஈய நச்சுக்கான தேசிய ஆலோசனை மையம் அவர் பொறுப்பில் இயங்கியது. அடுத்த எதிரி பெயின்ட். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி வந்தது 2016-ல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். பெட்ரோலுக்குப் பிறகு பெயின்ட்டுக்குப் பதினேழு வருடம். ஒரு பேராசிரியரின் பணிக்காலத்தில் பாதி!

உடம்பை ஏமாற்றும் உலோகம்

ஈயம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று படித்தபோதுதான் கொட்டாவி நின்றது. அது கால்சியம் மாதிரி வேஷம் போடுமாம். உடம்பு அதைக் கால்சியம் என்று நம்பி உள்ளே விடுகிறது. எலும்புக்குள் போய் உட்கார்ந்தால் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது கூடவே கரைந்து, வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ரத்தத்தில் சிவப்பு நிறத்தைத் தரும் 'ஹீம்' உருவாவதற்குச் சில என்சைம்கள் வேண்டும். அவற்றை ஈயம் முடக்கிவிடும். அதனால் ரத்தசோகை வரும். வளரும் மூளையில் கவனம், படிப்பு, பொறுமை மூன்றையும் தொடும்.

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்கிறது என்றால், சின்னக் குழந்தைகளுக்கு அது பாதி வரை போகலாம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம். சத்துக் குறைவான வீட்டையே தேடிப் போய் அடிக்கிற விஷம்.

இதற்குக் காய்ச்சல் கிடையாது. தடிப்பு கிடையாது. பிள்ளை கொஞ்சம் சோர்ந்திருக்கும். வயிறு வலிக்கிறது என்னும். சாப்பிட மறுக்கும். எந்த வீட்டில்தான் இது இல்லை?

அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன் 1979-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் பள்ளிக் குழந்தைகளிடம் விழுந்த பால்பற்களைக் கேட்டு வாங்கினார். நாம் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிகிற அதே பால்பல். அதில் எவ்வளவு ஈயம் என்று அளந்தார். ஈயம் அதிகமிருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையிலும் வகுப்புக் கவனத்திலும் பின்தங்கியிருந்தார்கள். பார்க்க நோயாளி மாதிரியே தெரியாத பிள்ளைகள் அவர்கள்.

நம்மூரிலும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளிடம் நடந்து, 2009-ல் வெளியான ஆய்வில் ரத்த ஈயத்தின் சராசரி 11.4 மைக்ரோகிராம். 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. இப்போது 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

கடைசியில் ஒரு பட்டியல். யாருக்கெல்லாம் ஆபத்து? ஈயம் உருக்குபவர்கள், பழைய பெயின்ட் சுரண்டுபவர்கள், சாலிடரிங் செய்பவர்கள், பேட்டரி பழுது பார்ப்பவர்கள். அவர்களின் குழந்தைகள்.

'பேட்டரி' என்ற வார்த்தையில் என் விரல் நின்றது.

"ஏண்டி, காலையில வயித்தக் கலக்குற?"

மாமா பேட்டரி கடை வைத்தது தமிழ்நாடே கரன்ட் இல்லாமல் இன்வெர்ட்டர் வாங்கிக்கொண்டிருந்த வருடங்களில். தோட்டத்து மோட்டார், டிராக்டர், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் என்று கம்பம், கூடலூர் பக்கம் பேட்டரிக்கு வேலை குறைந்ததே இல்லை. செத்த பேட்டரியைப் பிரித்து, நல்ல பிளேட்டை எடுத்து, பழைய காரீயத்தைச் சட்டியில் உருக்கி டெர்மினல் ஊற்றி, பாதி விலைக்கு உயிர் கொடுத்துவிடுவார். கடை என்றால் தனிக் கடை இல்லை. வீட்டை ஒட்டிய தகர ஷெட். நடுவே ஒரு கதவு. மதியம் சோறு கொண்டுபோவது அக்கா மகன் சின்னு. வயது நாலு.

அன்று இரவே அக்காவைக் கூப்பிட்டேன்.

"சின்னுவுக்கு ரத்தம் கம்மின்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்கு?"

"டானிக் குடுத்துட்டுத்தான் இருக்கேன். வயித்து வலின்னு பூச்சி மருந்தும் குடுத்தாச்சு. ஏன்டி?"

"மாமா ஈயம் உருக்குறது எங்க?"

"ஷெட்லதான். இதென்ன புதுசாக் கேக்குற?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எத்தனை வருசமா பாக்குறாரு, அவருக்கு ஒண்ணும் இல்லையே. நீ எதையாவது படிச்சுட்டு வந்து வயித்தக் கலக்குற" என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளே கூப்பிட்டாள். "அந்த டெஸ்ட் எங்க எடுக்குறது?"

தேனியில் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் எழுதிக்கொடுத்தார். லேபில் ரத்தம் எடுத்து சென்னைக்கு அனுப்பினார்கள். மாமாவுக்கும் சேர்த்து எடுக்கச் சொன்னார் மருத்துவர். ரிசல்ட் வர நாளாகும் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

கும்பக்கரையில் விழும் தண்ணீர்

வத்தலக்குண்டு தாண்டி, தேவதானப்பட்டி தாண்டி, விடியும்போது பெரியகுளம். வலது கைப் பக்கம் கொடைக்கானல் மலை. ஆறாம் வகுப்பில் கும்பக்கரை அருவிக்கு டூர் போயிருக்கிறோம். அந்தத் தண்ணீர் பாம்பாறு. மேலே கொடைக்கானல் பாம்பார் சோலைப் பக்கம் பிறந்து, எங்கள் மாவட்டத்தில் இறங்கி, வைகையோடு சேர்கிறது.

அந்தச் சோலையை ஒட்டித்தான் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவிலிருந்து 1980-களில் பாண்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் வசம் போனது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்ததைக் கண்டு மக்கள் போராடினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பல் ஏறியது. தொழிலாளர்களுக்கு உடல்நலப் பாதிப்பு இல்லை என்று நிறுவனம் சொல்லிவந்தது. தொழிலாளர்கள் இல்லை என்று மறுத்தார்கள். 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

நடுவில் ஹைதராபாத்திலிருந்து விஞ்ஞானிகள் வந்தார்கள். காற்றில் எவ்வளவு பாதரசம் என்று அறிய அவர்கள் பார்த்த சாட்சி என்ன தெரியுமா? மரத்தில் ஒட்டி வளரும் பாசியும் லைக்கனும். நாம் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். வேர் கிடையாது. காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொண்டுதான் வாழும். அதனால் காற்றில் இருப்பது அதன் உடம்பிலும் இருக்கும். கொடைக்கானலில் எடுத்தவற்றில் பாதரசம் இருந்தது. 2006-ல் வெளியான அடுத்த ஆய்வில், கொடை ஏரித் தண்ணீரில் பேரிஜம், கூக்கல் ஏரிகளைவிட அதிகப் பாதரசம். ஏரி மீனிலும் இருந்தது.

பெங்களூரில் ரத்தம், அமெரிக்காவில் பால்பல், கொடைக்கானலில் பாசி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைக்க இவர்கள் எல்லோரும் செய்தது ஒரே வேலை. ஏதோ ஒன்றை எடுத்து அளந்தார்கள். பஸ் ஜன்னலில் தலை சாய்த்து இதை நினைத்துக்கொண்டிருந்தபோது, தேனி லேபில் கொடுத்த அந்தச் சின்னக் குழாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பரணுக்குப் போன ஈயச்சொம்பு

வீட்டுக்குப் போனால் ஒரு சோகம். பாட்டியின் ஈயச்சொம்பைக் காணோம். அம்மா பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.

"நீதானத்தா ஈயம் வெசம்னு சொன்ன? நாப்பது வருசமா அதுலதான் ரசம் வச்சேன். எல்லாருக்கும் நானே ஊத்திக் குடுத்துருக்கேனே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தக் குழப்பம் நிறைய வீடுகளில் இருக்கும் என்பதால் சொல்கிறேன். தமிழில் இரண்டு உலோகத்துக்கும் ஈயம் என்றுதான் பெயர். ரசச் சொம்பும் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். விஷமான ஈயம் காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். சுத்தமான வெள்ளீயச் சொம்பால் இந்த ஆபத்து இல்லை. பிரச்னை கலப்படம்தான். காரீயம் மலிவு என்பதால் கலந்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. தேய்த்துப் பார், கீறிப் பார் என்று சொல்லப்படும் வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அதில் புளி ஊற்றாதீர்கள். உலோகத்தை அளந்து சொல்லும் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

சொம்பு பரணிலிருந்து இறங்கியது. ஆனாலும் ரசம் இன்னும் எவர்சில்வரில்தான் கொதிக்கிறது. அம்மாவின் பயம் போக நாளாகும்.

19... 38...

ரிசல்ட் போனில் வந்தது. சின்னுவுக்கு 19. மாமாவுக்கு 38.

மருத்துவர் பதறவில்லை. ஈயத்தை மருந்து கொடுத்து வெளியேற்றும் சிகிச்சையை, குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால்தான் செய்வார்கள் என்றார். "இவனுக்கு மருந்து, ஈயம் வர்ற வழிய அடைக்கிறதுதான். வழி எதுன்னு உங்களுக்கே தெரியும்."

அன்று சாயங்காலம் மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லு பாப்பா. நான்தான் என் பிள்ளைக்கு வெசம் வச்சேனா?"

என்னிடம் பதில் இல்லை. நாலு நாளாகப் படித்த எந்தக் கட்டுரையிலும் இதற்குப் பதில் இல்லை.

"எங்கப்பன் கூலி வேலை. நான் படிச்சது பத்தாவது. இந்தக் கையி பழகுன தொழில் இது ஒண்ணுதான். இதுல சம்பாரிச்சுத்தான் அவனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுறேன்."

அதன் பிறகு ஒரு வாரம் அவர் ஷெட்டிலேயே படுத்தார். சின்னு 'அப்பா' என்று ஓடினால் எழுந்து தள்ளிப் போனார். மாமாவைத் தடுப்பது அவசியம்தான். ஆனால் நாங்கள் தடுத்ததில் ஏதோ தப்பிருந்தது. சின்னு கதவோரம் நின்று அழுவதைப் பார்க்கும்போது, 600 வார்த்தை எக்ஸ்ப்ளெய்னர் எழுதாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

எட்டாம் நாள் அக்கா ஒரு காரியம் செய்தாள். ஷெட்டுக்குப் பின்னால் குழாய் இழுத்து, நாலு தகரம் அடித்து, ஒரு குளியல் மறைப்பு வைத்தாள். சோப்பு, வாளி, மாற்று லுங்கி, பனியன். மாமா வேலை முடித்து எழுந்ததும் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, அச்சு அசலாகப் பாட்டியின் குரலில் கத்தினாள்.

"அங்கிட்டே நில்லுங்க. குளிக்காம பிள்ளையத் தொட்டீகன்னா இன்னைக்குச் சோறு கெடையாது!"

மாமா ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தார். அவருக்கும் எங்கள் தாத்தாவைத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, நீலப் புருவத்தோடு வந்து நின்று பாட்டியிடம் திட்டு வாங்கிய தாத்தா. மாமா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போய்க் குளித்தார். வந்து மகனைத் தூக்கினார். அக்கா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

தாத்தா துத்தத்தால் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. வேலையின் அழுக்கை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வந்தார், அவ்வளவுதான். அதைச் செய்யச் சொல்ல அவருக்கு ஒரு நிறம் இருந்தது. மாமாவுக்கு அந்த நிறம் இல்லை. 38 என்ற எண்தான் அவருடைய நீலம்.

எங்கள் வீட்டில் மாறியவை

ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வரும் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டோம். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு போடுவதில்லை. தனி வாளி, தனி அலசல். செருப்பு ஷெட்டிலேயே நின்றுவிடும். வீட்டில் வெறும் விளக்குமாறு கிடையாது. தூசி கிளம்பாமல் ஈரத் துணியால்தான் துடைக்கிறார்கள். சின்னு சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் கை கழுவ வேண்டும். தட்டில் கேப்பைக் களி, முருங்கைக் கீரை, முட்டை, கூடவே ஒரு நெல்லிக்காய். கால்சியமும் இரும்பும் வயிற்றில் இருந்தால் ஈயம் உள்ளே நுழையத் திணறும்.

மாமா உருக்குவதை நிறுத்திவிட்டார். புது பேட்டரி விற்பனையும் இன்வெர்ட்டர் சர்வீஸும் மட்டும். பழைய பேட்டரிகளை முறையாகப் பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. அப்படியே கொடுக்கிறார். இதனால் மாதம் ஆறேழாயிரம் வருமானம் குறைந்துவிட்டது. அதை இங்கே மறைத்து எழுத எனக்கு மனமில்லை. 'கவனமா இருங்க' என்று எழுதுவது எங்களுக்குச் சுலபம். அந்தக் கவனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதை மாமா கட்டிக்கொண்டிருக்கிறார்.

கடையில் உதவிக்கு இருந்த பையனையும் டெஸ்டுக்குக் கூப்பிட்டோம். "எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தான். உருக்கும் வேலை நின்றதும் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். அவனுக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

உங்கள் வீட்டில் ஒரு கேள்வி

நம்மில் எல்லோர் வீட்டிலும் பேட்டரி உருக்குவதில்லை. ஆனால் வழிகள் வேறு வேறு. பழைய கதவு, ஜன்னல் பெயின்ட்டை உலர்வாகச் சுரண்டுவது ஒன்று. சுரண்டும் நாளில் குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, நனைத்துச் சுரண்டுங்கள். இன்னொன்று சுர்மா போன்ற கண் மைகள். சிலவற்றில் காரீயம்தான் மூலப்பொருளே. அடுத்தது மஞ்சள்தூள். வங்கதேசத்தில் பளபளப்புக்காக ஈயக் குரோமேட் கலந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயத்துக்கும் மஞ்சளுக்கும் உள்ள தொடர்பை நிரூபித்தார்கள். அரசு நடவடிக்கை எடுத்தது. 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவிகிதமாக இருந்த கலப்படம் 2021-ல் பூஜ்யமானது. இரண்டே வருடம்! 

வீட்டில் யாராவது பேட்டரி, சாலிடரிங், பெயின்ட், பழைய இரும்பு, உலோகம் உருக்கும் வேலையில் இருந்து, பிள்ளைக்கு ரத்தசோகையோ, போகாத வயிற்று வலியோ, சோர்வோ இருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். 'ரத்தத்தில் ஈயம் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். அந்த ஒரு வரியை நாங்கள் ஒரு வருடம் முன்பே கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியவில்லை.

எக்ஸ்ப்ளெய்னர் ஒருவழியாக வெளியானது. 640 வார்த்தை. அதில் சின்னுவும் இல்லை, மாமாவும் இல்லை. இப்போது இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டபோது, "ஊர்ப் பேரு, கடைப் பேரு வேணாம். மத்ததெல்லாம் எழுது. நாலு பேட்டரிக்காரன் படிக்கட்டும்" என்றார்.

நாலு மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் சின்னுவுக்கு 12. இன்னும் குறைய வேண்டும். எலும்பில் சேர்ந்தது மெதுவாகத்தான் இறங்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு 27.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வாசலுக்கு வந்தார். சின்னு படியில் வழி மறித்து நின்றான்.

"கையக் காட்டுப்பா."

மாமா இரண்டு கையையும் நீட்டினார். அவன் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தான். நகக்கண்ணைக்கூட விடவில்லை. பிறகு, "ம்... தூக்கு" என்றான்.